ராகு காலமும் ராக்கெட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் தாப்பாவைச் சேர்ந்த அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழமைவாதிக்கு விண்வெளியில் என்ன வேலை?" என்று எதிரணியில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நான் ராகு காலத்தில் நல்ல காரியம் தொடங்க மாட்டேன். அமாவாசை விரதம் தவறுவதில்லை. கிரகணம் முடிந்ததும் தலைக்குக் குளிப்பேன். அதே வீட்டு முற்றத்தில் ஒரு தொலைநோக்கியும் வைத்திருக்கிறேன். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதைத்தான் விளக்க வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது தாப்பா வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். 1969-இல் எனக்கு ஏழு வயது. அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது நம் நாட்டுக் கடிகாரத்தில் ஜூலை 21, விடியற்காலை மணி 3.47. பெரட்டுக்குப் போக எங்கள் லயம் கண் விழிக்கும் நேரம் அது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது காலை 10.26-க்கு. அப்போது என் அம்மா மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். வானொலியில் கேட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். "சந்திரன்ல செருப்போடயா நடந்தான்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்றுவரை விடவில்லை. போன இடம் யாருடையது, எப்படி நடந்துகொள்வது என்று கேட்பவர்தான் பழமைவாதி. போகவே கூடாது என்று அம்மா சொல்லவில்லையே!

<b>நாட்காட்டியில் ஒரு பிழை</b>

இப்போது ராகு காலத்துக்கு வருவோம். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று நாட்காட்டியில் போட்டிருக்கிறது. பலர் அதைப் பார்த்துத்தான் கடை திறக்கிறார்கள், பெண் பார்க்கப் போகிறார்கள். கணக்கு என்ன? சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால், திங்களன்று இரண்டாவது பங்கு ராகு காலம். நாட்காட்டிக் கணக்கு சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் என்று வைத்துப் போட்டது. தாப்பாவில் சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில்! அப்படியென்றால் நமக்கு ராகு காலம் ஏறக்குறைய 8.40-க்குத் தொடங்கி 10.10-க்கு முடிகிறது. நல்ல நேரம் என்று நினைத்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேரோ!

ஏன் இந்த வித்தியாசம்? இதில் அரசியலும் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பது அரசாங்க முடிவு. சூரியன் அந்த அறிவிப்பைக் கேட்கவில்லை. ஆகவே பாரம்பரியத்தைக் காப்பதாகச் சொல்கிறவர் முதலில் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். புலனத்தில் வந்ததை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்புவது பாரம்பரியம் ஆகாது.

இதை நம் முஸ்லிம் சகோதரர்கள் அழகாகச் செய்தார்கள். 2007 அக்டோபர் 10-ஆம் தேதி, ரம்லான் மாதத்தில், டாக்டர் ஷேக் முசாபர் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அங்கே 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு 16 உதயம். அப்படியானால் ஐந்து வேளைத் தொழுகை எப்போது? அறிவியலாளர்களும் சமய அறிஞர்களும் கூடிப் பேசி, புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொள்ளலாம் என்று வழிகாட்டி நூலே வெளியிட்டார்கள். நம் ஆள் ஒருவர் போயிருந்தால்? அங்கே ஒரு பகல் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ராகு காலம் ஏழு நிமிடம், அதுவும் நாளைக்குப் பதினாறு தடவை. சிரிக்காதீர்கள், ஒருநாள் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

<b>டிக்கெட்டும் தொழிலும்</b>

நம் ஆள் போகும் வாய்ப்பு பக்கத்தில்தான் வந்தது. 11,000-க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்ததில் கடைசி நால்வரில் ஒருவர் எஸ். வனஜா என்ற பொறியியலாளர், தமிழ்ப் பெண். இன்றைய பிள்ளைகளிடம் அந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். சீரியல் நாயகியின் பெயரைச் சொல்வார்கள்.

ஆனாலும் அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2003-இல் ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கியதற்கு ஈடாகக் கிடைத்த இருக்கை அது. சொந்தமாகக் கட்டிய வண்டியில் ஏறுவது வேறு, பெரிய சாமான் வாங்கிய கடையில் கிடைத்த இலவசச் சீட்டில் ஏறுவது வேறு. 2000-இல் ஏவிய தியோங்சாட் என்ற சிறு துணைக்கோளம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. நம் பொறியியலாளர்கள் இங்கிலாந்தில் சர்ரேயில் தங்கி, கூட இருந்து தொழில் கற்றுச் செய்தது அது. ஆசாரி மகன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிப்பது போல. பழமைவாதி மதிப்பது இந்த முறையைத்தான்.

எதிரணி அம்மையார் ஒருவர், "தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவனுக்கு வீடு இல்லை, உங்களுக்கு ராக்கெட்டா?" என்றார். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பத்தில் நானும் ஒருவன்தான், அம்மா. ராக்கெட் கிளம்பி ஏழு வாரம் ஆகுமுன், 2007 நவம்பர் 25-இல், கோலாலம்பூர் வீதியில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டதும் நினைவிருக்கிறது. அரசாங்கம் இருக்கை வாங்கும்போது உங்கள் கேள்வி சரியானது, நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் லயத்துப் பிள்ளை அண்ணாந்து பார்ப்பதற்கு யாரும் செலவு செய்யவில்லை. வீடு வரும்வரை நிலாவைப் பார்க்காதே என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

<b>புது நிலா எங்கே?</b>

என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. அதே 2007-இல் என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடந்த காலம். ஒரு நாள் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், "அப்பா, நியூ மூன்னா புது நிலாதானே? அப்புறம் ஏன் கண்ணுக்குத் தெரியாது?" என்றாள். அன்று அமாவாசை. அவள் அம்மா சமையல்கட்டில் விரதச் சமையல் செய்துகொண்டிருக்கிறார். பாடத்தில் இருக்கும் நிலாவும் சமையல்கட்டில் இருக்கும் நிலாவும் ஒன்று என்று பிள்ளைக்குத் தெரியவில்லை!

உட்காரவைத்துச் சொன்னேன். சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேர்ந்து நிற்பது அமாவாசை. அங்கிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. பதினைந்து திதி சேர்ந்தால் 180 பாகை, நேர் எதிரே, பௌர்ணமி. கோலிக்குண்டும் கைவிளக்கும் போதுமாக இருந்தன. "இது நம்ம பாட்டிக்குத் தெரியுமா?" என்றாள். பாட்டிக்குப் பாகை தெரியாது, திதி தெரியும் என்றேன். அந்தக் கொள்கையைக் கைவிட 2009-இல் அரசாங்கம் முடிவு செய்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்று வேறு வடிவில் விவாதம் திரும்பி வந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் அறிவுக்கும் பள்ளியில் கிடைக்கும் அறிவுக்கும் நடுவில் பாலம் உடைந்தால் பிள்ளை இரண்டு பக்கமும் அந்நியமாகிறது என்கிறேன்.

தொழில்நுட்பமும் அப்படித்தான். 1996-இல் மியாசாட் துணைக்கோளம் ஏறியதிலிருந்து நம் கூரைகளில் தட்டு முளைத்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சென்னை நாடகம் இறங்குகிறது. அந்தத் தட்டு ஏன் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்து நிற்கிறது? அந்தத் துணைக்கோளம் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிறது, நாமும் அந்த ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மழைத்துளி அலையை விழுங்குவதால்தான் படம் நிற்கிறது. இதை எத்தனை வீட்டில் பேசியிருக்கிறோம்? படம் நின்றால் திட்டத்தான் தெரியும்.

2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான் 3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க நிலவு மண் போன்ற பொடியை நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து எடுத்தார்கள். இங்கே நம் பாட்டன்மார் பலர் கப்பலேறியது அந்தச் சேலம், நாமக்கல் வட்டாரத்திலிருந்துதான்.

2019 டிசம்பர் 26-இல் சூரிய கிரகணம் வந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. நான் வெளியே பிள்ளைகளைக் கூட்டி, அட்டைப் பெட்டியில் ஊசித்துளை போட்டு, பெட்டிக்குள் விழுந்த பிறைச் சூரியனைக் காட்டினேன். முடிந்ததும் எல்லாரும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். அடுத்து 2031 மே 21 வருகிறது. அந்த வளைய கிரகணம் தென்தமிழகத்தைக் கடந்து, யாழ்ப்பாணத்தைக் கடந்து, கடல் தாண்டி மலேசியாவுக்கு வருகிறது, ஏறத்தாழ நம்மவர்கள் நாகப்பட்டினத்திலிருந்து வந்த திசையில். இங்கே மாலை நேரம். எதிரணித் தம்பியும் தாப்பாவுக்கு வரலாம். அட்டைப் பெட்டி என்னிடம் இருக்கிறது.