தலைக்குக் கோயில், உடலுக்கு எது?



ஆடி வெள்ளியில் படவேட்டுக்கு வருகிறவர்கள் ரேணுகாம்பாள் சன்னதியில் வணங்குவது அம்மனின் சிரசை. அந்தச் சிரசு யாருடைய உடலில் பொருந்தியது என்பதை நம் பக்கத்துக் கிராமங்கள் மறைக்காமல் சொல்கின்றன. பரசுராமன் வெட்டிய தாயின் தலை, உடன் வெட்டுப்பட்ட சேரிப் பெண்ணின் உடலோடு ஒட்டப்பட்டது என்பது கதை. தலைக்குக் கோயில் இருக்கிறது. உடலைக் கொடுத்தவளின் பெயரைக்கூடப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

இந்த நினைவுப் பேருரையை இங்கிருந்து தொடங்கக் காரணம், வரலாற்றையும் நாம் இப்படித்தான் தோண்டி எடுக்கிறோம். சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படவேடு, சம்புவராயர்களின் தலைநகரம். இங்கே கோட்டைச் சுவர்களைப் பார்க்கிறோம். மணலில் புதைந்து மீட்கப்பட்ட கோயில்களைப் பார்க்கிறோம். தொல்லியல் துறையும் 1990களில் இங்கே அகழாய்வு நடத்தியது. ஆனால் அந்தக் கோட்டைக்குச் சோறு போட்ட உழவரும், மாடு மேய்த்தவரும், செத்த மாட்டை உரித்தவரும் எங்கே குடியிருந்தார்கள்? இந்தக் கேள்வியோடு ஒரு குழி தோண்டினால்தான் விடை கிடைக்கும்.

நம் பகுதி மாடுகளின் பகுதி. செங்கம் வட்டார நடுகற்களின் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. அவற்றில் பல, மாடு பிடிச் சண்டையில் இறந்தவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் உண்டு. ஒரு நாய்க்குக் கிடைத்த அந்த மரியாதையை நாம் குறைத்துப் பேசவில்லை. அதே மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தியவருக்கு ஏன் ஒரு கல் இல்லை என்று கேட்கிறோம்.

இதே கேள்வியைக் கடல் கடந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1776இல் ஸ்பானியப் பேரரசு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு படைத்தளம் அமைத்தது. அங்கே குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவின் ஏழைகள். பூர்வகுடி, ஆப்பிரிக்க, ஸ்பானிய வம்சங்கள் கலந்தவர்கள். பிறப்பை வைத்து மேல், கீழ் என்று பிரித்த ஸ்பானிய ஏற்பாட்டுக்கு 'காஸ்தா' என்று பெயர். போர்ச்சுக்கீசியர் நம் சாதிக்கு வைத்த பெயரும் அதுவே. ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது.

அந்தக் குடியேறிகள் காஸ்தாப் பெயர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறினார்கள். ஒரு கணக்கெடுப்பில் 'இந்தியர்' என்று பதிவான ஒருவர் சில ஆண்டுகள் கழித்து 'மெஸ்திசோ' ஆனார். கடைசியில் எல்லோரும் 'கலிபோர்னியோ' ஆனார்கள். மெக்சிகோ ஆட்சியின் கடைசி ஆளுநர்களில் ஒருவரான பியோ பிக்கோவின் பாட்டி, 1790ஆம் ஆண்டுக் கணக்கில் 'முலாட்டா', அதாவது ஆப்பிரிக்கக் கலப்புள்ளவர். பேரனோ பெரிய மாட்டுப் பண்ணைகளின் உடைமையாளர். அந்தப் படைத்தளத்தை ஆய்வு செய்த பார்பரா வாஸ், வீடு, உணவு, உடை என்று அன்றாடப் பொருள்களின் வழியாக இந்தப் புது அடையாளம் உருவானதை 2008இல் வெளியான நூலில் விளக்கினார். பிறப்பு இழிவை உதறியது அவர்களுக்கு விடுதலை. ஆனால் அதற்காக உள்ளூர்ப் பூர்வகுடிகளிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்டிக்கொண்டார்கள் என்பதையும் அவர் சொன்னார்.

அதன் விளைவை 'ராஞ்சோ' எனப்படும் மாட்டுப் பண்ணைகளில் பார்க்கலாம். 1830களில் கிறித்தவ மடங்களின் நிலங்கள் தனியார் கைக்குப் போயின. பண்ணைகளிலிருந்து மாட்டுத் தோலும் கொழுப்பும் பாஸ்டன் கப்பல்களில் ஏறின. தோலே பணமாகப் புழங்கியது. மாடு மேய்த்தது, உரித்தது, கொழுப்பு காய்ச்சியது எல்லாம் பூர்வகுடிகள். சுமார் 66,000 ஏக்கர் கொண்ட பெட்டலூமா பண்ணையின் மாளிகை இன்று காட்சிச்சாலை. ஸ்டீபன் சில்லிமன் மாளிகைக்கு வெளியே, உழைத்தவர்கள் கழித்துப் போட்ட குப்பையைத் தோண்டினார். கண்ணாடி மணி, மாட்டெலும்பு ஆகியவற்றோடு கல்லில் செதுக்கிய கருவிகளும் கிடைத்தன. எசமானின் காகிதங்களில் வெறும் கூலிகளாக இருந்தவர்கள், தங்கள் முன்னோரின் கைவேலையை விட்டுவிடவில்லை என்பதற்கு அந்தக் குப்பை சாட்சி.

இப்போது நம் பாலாற்றங்கரைக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் காலனிய ஏற்றுமதியில் வளர்ந்தவை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்திய தோல் சென்னை வழியாக இங்கிலாந்து போனது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய கால்கள் பெரும்பாலும் நம்முடையவை. வணிகரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. தொட்டிக்குள் நின்றவரின் பெயர் கூலிக் கணக்கில் இருந்தால் உண்டு.

நாமும் பெயரை மாற்றியவர்கள்தான். அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். ஒருவர் இழிபெயரை மறுத்தார்; மற்றவர் அதையே தலைநிமிர்த்திப் பிடித்தார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 'ஆதிதிராவிடர்' அரசு ஏட்டில் ஏறியது. கலிபோர்னியோக்களின் கதை நமக்குத் தரும் எச்சரிக்கை இதுதான்: பெயர் மாறும்போது, நமக்கும் கீழே யாரையாவது விட்டுவிட்டு ஏறுகிறோமா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அருந்ததியரையும், புதிரை வண்ணாரையும், மலைமேல் வாழும் பழங்குடிகளையும் கணக்கில் சேர்க்காத பெயர் எதுவும் விடுதலைப் பெயர் ஆகாது. இன்னொன்றும் உண்டு. 1848இல் அமெரிக்கா கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டது. 1851ஆம் ஆண்டு நிலச் சட்டம் வந்த பின், வழக்குச் செலவிலும் கடனிலும் பல கலிபோர்னியோக்கள் பண்ணைகளை இழந்தார்கள். பெயர் மட்டும் நிலத்தைக் காப்பாற்றாது. பஞ்சமி நிலம் பறிபோன நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே மாணவர்களுக்கு நாம் வைக்கும் வேலை எளியது. உங்கள் சேரியின் பழைய கிணறு, பழைய சுடுகாடு, மாடு உரித்த களம், மூடிப்போன தோல் தொட்டி ஆகியவற்றைப் படம் எடுங்கள், அளந்து குறியுங்கள். தாத்தா பாட்டிகள் சொல்லும் நிலப் பெயர்களை எழுதிவைத்து, பழைய நில அளவைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மேட்டில் கிடக்கும் ஓட்டை எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தோடு சேர்த்தால்தான் அது சாட்சி. முறையான அகழாய்வு கேட்டு மனுக் கொடுங்கள்.

படவேட்டில் தலையைத் தரிசித்துவிட்டோம். இனி உடலைத் தேடுவோம்.