இருவர் மிதிக்க மின்சாரம் கைகொடுக்கும்

சைக்கிளில் இருவர் போவதை நாம் நன்கு அறிவோம். ஒருவர் மிதிப்பார், மற்றவர் காரியரில் உட்கார்ந்திருப்பார். 'டாண்டம்' என்னும் இரட்டைச் சைக்கிள் அப்படியன்று. அதில் இரண்டு சீட்டுகளும் இரண்டு ஜோடிப் பெடல்களும் உண்டு. இருவரும் சேர்ந்தே மிதிக்க வேண்டும். முன்னால் இருப்பவரைக் காப்டன் என்பர்; திருப்புவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. பின்னால் இருப்பவருக்கு ஸ்டோக்கர் என்று பெயர். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவரைக் குறிக்கும் சொல் அது.

பின்சீட்டில் இருப்பவர் சாலையைப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே கண்பார்வை அற்றவரும் இதில் ஏறித் தம் கால் வலிமையால் பயணம் செய்யலாம். பாராலிம்பிக் போட்டிகளில் பார்வையற்றோர், பார்வையுள்ள துணைவர் ஒருவருடன் இவ்வண்டியில்தான் போட்டியிடுகின்றனர். வென்றால் இருவருக்குமே பதக்கம். ஆனால் பந்தயம் வேறு, தினமும் வேலைக்கும் கடைக்கும் போய் வருவது வேறு. ஊர் மேடும் பள்ளமுமாக இருந்தால் அந்தச் சுதந்திரம் முதல் மேட்டிலேயே நின்றுவிடும்.

இங்கிலாந்திலுள்ள ஷெபீல்டு அத்தகைய குன்று நகரம். 2014-ஆம் ஆண்டு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் இரண்டாம் நாள் ஓட்டம் அங்கேதான் முடிந்தது. அதில் வந்த ஜென்கின் ரோடு ஏற்றம், 100 மீட்டருக்குச் சராசரியாக 11 மீட்டர் வீதம் உயர்கிறது. இத்தகைய ஊர்களுக்குத்தான் மின்மோட்டார் பொருத்திய இரட்டைச் சைக்கிள் ஏற்றது.

மேட்டில் என்ன நடக்கிறது?

சமதரையில் இரட்டைச் சைக்கிள் வேகமானது. முன்னவர் காற்றைக் கிழித்துச் செல்ல, பின்னவர் அவர் மறைவில் வருகிறார். மேட்டிலோ காற்றைவிட எடையே பெரிய எதிரி. இருவர், வண்டி, மோட்டார், பாட்டரி எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் சாதாரண மனிதர் இருவர் தலைக்கு 100 வாட் வீதம் மிதித்தால், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டாது. அவ்வேகத்தில் நீண்ட வண்டி தள்ளாடும். மோட்டார் 250 வாட் கொடுத்தால் வேகம் ஏறத்தாழ 12 ஆகும். வண்டியும் நிலையாக ஓடும்.

மோட்டாரை எங்கே பொருத்துவது?

முன்சக்கரத்தின் நடுவில் பொருத்துவது எளிது. செயினைத் தொட வேண்டியதில்லை. ஆனால் நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது மோட்டாரும் மெதுவாகவே சுழலும். அப்போது மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். பெடல் அச்சில் பொருத்தும் மோட்டாரின் விசை, செயின் வழியாகவும் கியர் வழியாகவும் செல்கிறது. சிறிய கியருக்கு மாற்றினால், வண்டி மெதுவாகப் போனாலும் மோட்டார் தனக்கு உகந்த வேகத்தில் சுழலும். ஆகையால் மலைப்பாங்கான ஊருக்கு இதுவே சிறந்தது. எனினும் இரட்டைச் சைக்கிளில் பெடல் அச்சுகள் இரண்டு. அவற்றை இணைக்கும் தனிச் செயினும் உண்டு. எனவே பொருத்தும் வேலை அதிகம். செயினும் பற்சக்கரமும் விரைவில் தேயும்.

பாட்டரியை வண்டியின் நடுவில், தாழ்வாக வைக்க வேண்டும். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பாட்டரியில் சுமார் 500 வாட்-மணி ஆற்றல் அடங்கும். மேற்சொன்ன ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 27 வாட்-மணி செலவாகும். அப்படியானால் ஒருமுறை சார்ஜ் செய்து 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் மேடு ஏறலாம். லித்தியம் பாட்டரியை அதற்குரிய சார்ஜரால் மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். இரவில் எல்லோரும் உறங்கும்போது சார்ஜ் செய்யக்கூடாது.

ஏறினால் இறங்கவும் வேண்டும்

80 மீட்டர் உயரத்திலிருந்து 150 கிலோ இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1,17,600 ஜூல். இது சுமார் 400 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டு வரப் போதுமானது! மெதுவாக இறங்கினால் இதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் மட்டும் இருந்தால் விளிம்பு சூடாகி டயர் வெடிக்கலாம். ஆகவே நல்ல டிஸ்க் பிரேக்கோ, கூடுதலாக ஒரு டிரம் பிரேக்கோ அவசியம். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டார் நின்றுவிடும் ஸ்விட்சும் இருக்க வேண்டும். மோட்டாருக்குச் செலவிடுமுன் பிரேக்குக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

சட்டம் சொல்வது

பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டு விதிகள், ஒருவர் சைக்கிளுக்கு 200 வாட்டும் இரட்டைச் சைக்கிளுக்கு 250 வாட்டும் அனுமதித்தன. 2015 முதல் எல்லாவற்றுக்கும் 250 வாட்தான். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் உதவக்கூடாது. ஓட்டுபவருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

தோழியரே, இந்த மோட்டார் நமக்குப் பதிலாக மிதிப்பதில்லை. நம்மோடு சேர்ந்து மிதிக்கிறது. புறப்படுமுன் காப்டன் குரல் கொடுக்க வேண்டும். மேடு, பள்ளம், திருப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் அந்தச் சொல்லை நம்பி மிதிக்கிறார். மின்சாரம் மேட்டைக் குறைக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பது முன்னால் இருப்பவரின் கடமை. பார்வையற்ற தாயை மகளோ, தோழியைத் தோழியோ தினமும் அழைத்துச் செல்ல முடியுமானால், விஞ்ஞானத்தின் பயன் அதைவிட வேறு என்ன வேண்டும்?