'உள்ளே என்ன போட்டிருக்கே?'

ஒரு ஆம்பளையிடம் வயசு கேட்கலாம். சம்பளம் கேட்கலாம். ஏன், ஜாதகம்கூடக் கேட்கலாம். 'உள்ளே என்ன போட்டிருக்கே?' என்று மட்டும் கேட்கக் கூடாது. அப்படித்தான் நானும் முப்பத்து நாலு வயசு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்... ஒரு மரத்தின் மேல், பதினைந்து அடி உயரத்தில், மடியில் துப்பாக்கியோடு ஒரு பெரியவர் என்னிடம் அதைக் கேட்கிற வரைக்கும்!

முதலில் நான் எப்படி மரமேறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் மதுரை. இப்போது வாசம் அமெரிக்காவில், மினியாபொலிஸில். கம்ப்யூட்டர் வேலை. என் டீம் லீடருக்குச் சொந்த ஊர் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், மிஸிஸிப்பி நதிக்கு அந்தக் கரையில் இருக்கிற பஃபலோ கவுண்டி. போன நவம்பரில் ஒரு நாள், "சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். நீ சுட வேண்டாம். எங்க அப்பா பக்கத்துல சும்மா உட்கார்ந்து பாரேன்" என்றான்.

உடனே பேனாவைத் தூக்கி ஆசிரியருக்குக் கடிதம் எழுதாதீர்கள்! நம் ஊரில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும். அங்கே கதை வேறு. மான்கள் பெருகிப் பயிரை மேய்கின்றன. ராத்திரியில் கார் முன்னால் பாய்கின்றன. அதனால் அரசாங்கமே கணக்குப் போட்டு லைசென்ஸ் கொடுக்கிறது. நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் சீஸன். விஸ்கான்சினில் மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் லைசென்ஸ் வாங்குகிறார்கள். அந்த வாரம் ஆபீஸில் பாதி நாற்காலி காலி!

"குளிரும். உள்ளே நல்ல லெகிங்ஸ் போட்டுக்கோ" என்று டீம் லீடர் சொல்லியிருந்தான். லெகிங்ஸ் என்றதும் உங்களுக்குத் தங்கச்சி ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. அங்கே அது ஆண்களுக்கும் உண்டு. பேன்ட்டுக்குள்ளே, தோலை ஒட்டினாற்போல, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. நம் ஆட்கள் 'தெர்மல்' என்பார்களே, அந்த ஜாதி.

கடைக்குப் போனேன். அந்தப் பிரிவில் நின்றது ஒரு கல்லூரிப் பெண். "ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். அவளிடம் போய் என் உள்ளாடையைப் பற்றி... சேச்சே! "சும்மா பார்க்கிறேன்" என்று அசடு வழிந்துவிட்டு, தள்ளுபடிக் குவியலிலிருந்து கைக்குக் கிடைத்ததில் தடிமனாக இருந்ததை உருவிக்கொண்டு, பில் போட்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டில் வந்துதான் லேபிளைப் பார்த்தேன். நூறு சதவீதம் காட்டன். ஆகா, பருத்தி! உடம்புக்கு நல்லதாச்சே என்று சந்தோஷம் வேறு.

மதுரை வெயிலுக்கு அது நல்லதுதான் ஸார்.

சனிக்கிழமை காலை ஐந்து மணி. மைனஸ் 8 டிகிரி. உள்ளே அந்தத் தடிமன் லெகிங்ஸ், அதற்கு மேல் பேன்ட், அதற்கும் மேல் பஞ்சு வைத்த இன்னொரு பேன்ட், இரண்டு ஸ்வெட்டர், கோட்டு. எல்லாவற்றுக்கும் மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலாடை. ரோடு போடுகிறவர்கள் மாதிரி இருந்தேன். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கலர். மானுக்கு அது பளிச்சென்று தெரியாதாம். சிவப்பும் பச்சையும் அதற்குச் சரியாகப் பிரியாது.

டீம் லீடரின் அப்பாவுக்கு வயசு எழுபத்து நாலு. எல்லோரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. 'சார்' என்றே கூப்பிட்டேன். முழங்காலில் வலி. 'அடுத்த வருஷம் ஏணி ஏறக் கூடாது' என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஆக, மரத்து மேலே அவருக்கு இதுதான் கடைசி சீஸன். அதன் முதல் காலைக்குத்தான் என்னைப் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டிருந்தார்.

ஒரு கிலோமீட்டர் மேட்டில் நடை. பெரியவர் மெல்லிய சட்டையோடு, கனத்த கோட்டைப் பையில் கட்டித் தொங்கவிட்டபடி நடந்தார். 'ஐயோ பாவம், குளிருமே' என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ உள்ளுக்குள் பங்குனி வெயில். முதுகிலும் தொடையிலும் வேர்த்து ஊற்றியது.

மரத்தில் ஒரு ஏணி, அதன் உச்சியில் இருவர் உட்காரும் இரும்புப் பலகை. வள்ளி தினைப்புனம் காத்தாளே, அந்தப் பரண் மாதிரி. விழாமலிருக்க உடம்பைச் சுற்றி வார் போட்டு மரத்தோடு மாட்டிவிட்டார். இனி பேசக் கூடாது, அசையக் கூடாது. உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேட்டை!

முதல் அரை மணி சுகம். பிறகு தொடையில் யாரோ ஈரத்துணியைப் போர்த்தினாற்போல ஒரு ஜில். சூரியன் எழுந்தது. காற்றும் எழுந்தது. பல் அடிக்க ஆரம்பித்தது. சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? 'உள்ளே நனைஞ்சிருக்கு' என்றா? பல்லைக் கடித்தேன். அது தானாகவே அடித்துக்கொண்டது.

ஏழே முக்கால். கீழே புதரில் சலசலப்பு. கிளைக் கொம்போடு ஒரு ஆண் மான்! பெரியவர் மெதுவாகத் துப்பாக்கியைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து என் நடுக்கத்தில் இரும்புப் பலகை 'கடகட'வென்று ஆடியது. மான் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். போயே போச்சு!

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடு, தம்பி" என்றார் (அவர் இங்கிலீஷில் சொன்னதை நம்ம பாஷையில் சொல்கிறேன்). தொட முயன்றேன். முடியவில்லை. விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போதுதான் கேட்டார்... "உள்ளே என்ன போட்டிருக்கே?"

"கா... கா... காட்டன்" என்றேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. குண்டைக் கழற்றினார், துப்பாக்கியைக் கயிற்றில் கீழே இறக்கினார், என்னையும் படிப்படியாக இறக்கினார். தன்னுடைய கடைசி முதல் காலையை எட்டு மணிக்கே முடித்துக்கொண்டு, நொண்டிய காலோடு என்னைத் தாங்கிப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப் போனார்.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், கை தடுமாறுவது, நாக்குக் குழறுவது... இதெல்லாம் அந்த வழியில் வைக்கும் அடிகள். நடுக்கமும் நின்றுபோனால்? 'அப்பாடா சரியாப் போச்சு' என்று நினைக்கக் கூடாது. அதுதான் மோசமான அறிகுறி.

வண்டி ஹீட்டரைப் போட்டார். ஈரத்தையெல்லாம் கழற்றச் சொன்னார். வெட்கமாவது ஒன்றாவது! சூடாக, சர்க்கரை தூக்கலாக ஏதோ குடிக்கக் கொடுத்தார். "பிராந்தி இருக்கா?" என்று ஹீனமாகக் கேட்டேன். "அது தோலுக்குத்தான் சூடு தரும். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விரட்டிடும்" என்றார். பிறகு பையிலிருந்து தன் மாற்று லெகிங்ஸை எடுத்து நீட்டினார். மெல்லிசாக, லேசாக. இதைவிடத் தடிமனான பனியன் எங்கள் அப்பாவிடம் இருந்தது. மெரினோ ஆட்டின் ரோமமாம். கம்பளி என்றால் உறுத்த வேண்டாமோ? பட்டு மாதிரி இருந்தது!

என் நடுக்கம் நின்றதும், கண்ணாடி வழியே தெரிந்த நதிப் பள்ளத்தாக்கைக் காட்டி ஒரு கதை சொன்னார்.

1940, நவம்பர் 11. லீவு நாள். காலையில் ஏறக்குறைய 15 டிகிரி. அந்த மாதத்துக்கு அது வசந்தம். நூற்றுக்கணக்கானவர்கள் மெல்லிய உடுப்போடு மிஸிஸிப்பித் தீவுகளுக்கு வாத்து வேட்டைக்குப் படகில் போனார்கள். மத்தியானத்துக்குள் மழை. பிறகு ஆலங்கட்டி. பிறகு பனிப்புயல். படகைத் திருப்ப முடியாத அலை. நனைந்த உடுப்பு உடம்பிலேயே உறைந்தது. அந்தப் புயலில் பல மாநிலங்களிலும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 150 பேர். மினசோட்டாவில் மட்டும் 49. அதில் பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். பெரியவரின் அப்பா அன்று ராத்திரி முழுக்க ஒரு தீவில் குதித்துக்கொண்டே இருந்து பிழைத்தாராம். கால்விரல் இரண்டு போய்விட்டது.

"அவர் சாகிற வரைக்கும் ஒண்ணுதான் சொல்லுவார். குளிர் கொல்லாது. ஈரம்தான் கொல்லும்."

தண்ணீர், காற்றைப் போல சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடாது. தோலோடு ஒட்டிக்கொண்டு நம் சூட்டை வட்டியும் முதலுமாக வசூலிக்கும். உள்லெகிங்ஸின் முதல் வேலை சூடு தருவதல்ல... தோலைக் காய்ந்தபடி வைப்பது! மற்ற சூட்டையெல்லாம் மேலே போடுகிற கோட்டு பார்த்துக்கொள்ளும். கோட்டைக் கழற்றலாம், மாட்டலாம். பதினைந்து அடி உயரத்தில் வாரால் கட்டிப்போட்டிருக்கும்போது லெகிங்ஸை மாற்றுவது சர்க்கஸ்காரனுக்குக்கூட முடியாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி கிளம்பினோம். இப்போது 6 டிகிரி, நல்ல வெயில். "வாசல்ல நிற்கும்போது கொஞ்சம் குளிரணும். அங்கேயே கதகதப்பா இருந்தா பாதி வழியில வேர்க்கும்" என்றார். கோட்டைப் பையில் கட்டிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு படியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரே நாளில் இரண்டாவது தடவை ஏணி ஏறினார். அஸ்தமனத்துக்குள் மைனஸ் 4. என் கால் காய்ந்தே இருந்தது. பலகை ஆடவில்லை.

மான்தான் வரவில்லை.

அந்த லெகிங்ஸைத் துவைத்துத் திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை? மெஷினில் வெந்நீரில் போட்டு, டிரையரில் சுழற்றினேன். வெளியே எடுத்தால்... என் நாலு வயசு மகளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது! கம்பளி, சூட்டில் சுருங்கிக் கெட்டிப்படும் என்று அதில் எழுதியே இருந்தது. லேபிள் படிக்கிற பழக்கம் எனக்குத்தான் லேட்.

மறுபடி அதே கடை. அதே பெண். இந்த முறை நேராகப் போய் நின்றேன். "வேட்டைக்கு உள்ளே போடற லெகிங்ஸ் வேணும். ஒரு பெரியவருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டாள். எவ்வளவு தூரம் நடப்பார்? எவ்வளவு நேரம் உட்காருவார்? காலைக்கும் மத்தியானத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? 'எவ்வளவு குளிர்' என்று மட்டும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

அவளும் பெரியவரும் சொல்லிக்கொடுத்த பாடம், கம்பெனி செலவில் குளிர் தேசம் போகக் காத்திருக்கும் சகோதரர்களுக்காக:

1. துணி: மெரினோ தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்தாற்போல இருக்காது. சீக்கிரம் நாற்றம் அடிக்காது. மானுக்கு மூக்குதான் கண், ஆகவே அதுவும் முக்கியம். ஆனால் விலை அதிகம், சீக்கிரம் தேயும். பாலியெஸ்டர் மலிவு, உழைக்கும், சட்டென்று காயும். இரண்டாம் நாள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டும் கலந்ததும் கிடைக்கிறது.

2. கனம்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பாக்கெட்டில் இருக்கும். 150 லேசு, 200 முதல் 250 நடுத்தரம், அதற்கு மேல் கனம். நிறைய நடை, பகலில் வெயில் என்றால் லேசு. கொஞ்சம் நடை, நிறைய உட்காருவது என்றால் நடுத்தரம். கனமானது, வண்டியிலிருந்து இறங்கி நேராகப் போய் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு. சந்தேகமா? ஒரு படி லேசானதை வாங்கி, மேலே போட ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள்.

3. அளவு: ஒட்டி இருக்கணும், இறுக்கக் கூடாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். பூட்ஸுக்குள் சாக்ஸும் லெகிங்ஸும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கால்விரல் விறைக்கும். அதற்காகவே முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற முக்கால் அளவு இருக்கிறது.

4. முன்பக்கத் திறப்பு: விடியற்காலையில் காபி குடித்துவிட்டு மூன்று அடுக்கு உடுப்போடு நின்று பாருங்கள், இதன் அருமை தெரியும்!

நடுத்தரக் கனம், மெரினோ, முக்கால் அளவு, முன்பக்கத் திறப்பு. பில் போட்டு, பொட்டலம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக்கே போனேன். பழசுக்கு நேர்ந்த கதியையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சங்கடத்தோடு சொன்னேன். "அடுத்த வருஷம் நீங்க ஏணி ஏற மாட்டீங்க. இது தேவைப்படுமான்னு தெரியலை, சார்..."

பெரியவர் லெகிங்ஸை விரல்களுக்கு நடுவில் தடவிப் பார்த்தார். லேபிளைப் படித்தார்.

"தரையில உட்கார்ந்தாலும் குளிரும், தம்பி. உனக்கும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ" என்றார்.