தையல் மிஷினுக்கு எந்த மோட்டார்?

காலால் மிதித்துத் தைப்பவர்களுக்கு முப்பது வயது தாண்டினாலே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிபாரம் வந்து குவியும்போது கேட்கவே வேண்டாம். மோட்டார் மாட்டலாமா என்று எங்கள் டி. கல்லுப்பட்டியில் என்னிடம் கேட்கிற பெண்கள் பலர். தாராளமாக மாட்டலாம். ஆனால் எந்த மோட்டார் என்பதில்தான் நம் காசும் இருக்கிறது, விரலும் இருக்கிறது.

எங்கள் ஊர் 1940-ல் காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றிய ஊர். குமரப்பா தமது கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த ஊர். இங்கே மிஷின் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. காந்திஜியே சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தவர் என்று சொல்லி நான் சமாளிப்பேன்!

வீட்டு மிஷினின் பின்னால் திருகி மாட்டும் சின்ன மோட்டார், மிக்சியில் இருக்கிற ஜாதிதான். பெடலை மெல்ல அழுத்தினால் மெல்ல ஓடும், நன்றாக அழுத்தினால் பறக்கும். ஜாக்கெட், பிள்ளைகள் சட்டை தைக்க இது போதும். ஓட்டம் திக்கி, உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். மெதுவாக ஓட்டும்போது இதற்குப் பலம் குறைவு. தடித்த மடிப்பில் ஊசி நின்றால் கைச்சக்கரத்தைச் சுற்றி உதவுங்கள். பெடலை ஓங்கி மிதித்தால் ஊசி ஒடிந்து கண்ணில் தெறிக்கும்.

பவர் மிஷினில் மேஜைக்கு அடியில் தொங்கும் கிளட்ச் மோட்டார் வேறு ரகம். சுவிட்சைப் போட்டதுமே நிமிஷத்துக்கு 1440 அல்லது 2880 சுற்று ஓடும். நீங்கள் தைத்தாலும், கொக்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஓட்டம் நிற்காது. மின்சாரமும் போகும், அந்த இரைச்சலில் தொட்டில் பிள்ளை தூங்காது. பக்கத்து வீட்டு மருமகள் இப்படி ஒன்றைப் பழையதாக வாங்கி வந்து, "சித்தி, ஃபேன் ரெகுலேட்டர் போட்டா வேகம் கொறையும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றாள். கூடவே கூடாது! ஃபேன் வெறும் காற்றைத்தான் தள்ளுகிறது, அதனால் அங்கே சரிப்படும். இந்த மோட்டாரின் வேகமோ நம் மின்சாரத்தின் 50 சைக்கிளோடு கட்டுண்டது. வோல்டேஜைக் குறைத்தால் பலம் போய், காயில் சூடேறிக் கருகும். அதற்குப் பதிலாக, மோட்டாரில் இருந்த 4 அங்குல பெல்ட் சக்கரத்தை எடுத்துவிட்டு 2 அங்குலம் மாட்டச் சொன்னேன். மிஷின் வேகம் பாதியானது, இழுவையும் கூடியது. பெல்ட்டைத்தான் சற்றுச் சின்னதாக வாங்க வேண்டியிருந்தது.

இப்போது சர்வோ மோட்டார் வருகிறது. மிதித்தால்தான் ஓடும், சத்தமும் குறைவு. எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பழகும் பெண்ணுக்கு இதைவிட நல்லது இல்லை. விலை கூடுதல்தான், ஆகவே நாள் முழுதும் தைத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கே சொல்வேன். கால் ஊனமுற்ற சகோதரிகள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மோட்டார் பொருத்திய மிஷினை இலவசமாகவே தரும் திட்டம் இருக்கிறது.

தவழும் பிள்ளை உள்ள வீட்டில், பால் பொங்குகிறதே என்று ஓடும்போதுகூட பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். பிள்ளை பெடல் மேல் உட்கார்ந்தாலே மிஷின் ஓடும்.