வெற்றி பெற்றவரின் செபம்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)

கோவிலுக்குச் செபிக்கப் போன இருவரைப் பற்றிய உவமையை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். பரிசேயர் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இருமுறை நோன்பிருந்தார், பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். ஆனால், ஆண்டவர்முன் நிற்கும்போது அவருடைய கண் பின்னால் நின்ற வரிதண்டுபவர் மேல் போயிற்று. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர்களுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் வரும்.

வெற்றிக்கு மேல் வெற்றி பெற்ற ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் கதையை இந்த உவமையோடு சேர்த்துப் பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஓக்லாந்து மறைமாவட்டத்தில் கான்கார்டு என்றொரு நகரம். அங்கே 1965-இல் லசால் சகோதரர்கள் ஆண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். மாணவர்களைப் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி அது. பெயர் தெ லசால்.

இந்தச் சபையை நிறுவிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகரில் 1651-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பேராலயத்தில் தமக்கிருந்த வருமானமுள்ள பதவியைத் துறந்தார். பஞ்ச காலத்தில் சொத்தையெல்லாம் ஏழைகளுக்குப் பகிர்ந்தார். ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளிகள் நடத்தினார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். ஏழைகளுக்காகத் தொடங்கிய சபை இன்று கட்டணம் வாங்கும் பள்ளியையும் நடத்துகிறதே என்று நாம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்ந்து வகுப்பைத் தொடங்கும் வழக்கம் மட்டும் அவர் காலத்திலிருந்து அந்தப் பள்ளிகளில் தொடர்கிறது.

கான்கார்டு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி நெடுங்காலம் சாதாரண அணியாகவே இருந்தது. (நாம் ஆடும் கால்பந்து அல்ல, தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் ஆட்டம்.) 1979-இல் பாப் லடூசர் பயிற்சியாளரானார். அதே பள்ளியில் மறைக்கல்வி ஆசிரியராகவும் இருந்தார். 1991 டிசம்பரில் ஒரு இறுதி ஆட்டத்தில் அணி தோற்றது. அதன்பின் 1992 முதல் 2003 வரை பன்னிரண்டு பருவங்கள் தோல்வியே இல்லை. தொடர்ந்து 151 வெற்றிகள்! அதற்கு முன் அந்நாட்டுப் பள்ளிகளின் சாதனை 72. நல்ல ஆட்டக்காரர்களை வலைவீசிப் பிடிக்கிறார்கள் என்று சுற்றியுள்ள பள்ளிகள் குறை சொல்லின. பள்ளி அதை மறுத்தது. வெற்றி வந்தால் முணுமுணுப்பும் கூடவே வரும்.

நம் கவனத்துக்கு உரியது அவர்களிடம் இருந்த ஒரு வழக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒவ்வொரு மாணவனும் ஒரு சிறு அட்டையை எடுப்பான். உடற்பயிற்சியில், மைதானப் பயிற்சியில், ஆட்டத்தில் தான் என்ன செய்யப் போகிறேன் என்று அதில் எழுதுவான். அணியின் முன் எழுந்து நின்று, தோழன் ஒருவனிடம் அதை வாசித்து ஒப்படைப்பான். சொன்னபடி செய்தானா என்று பிறகு கேட்கும் பொறுப்பு அந்தத் தோழனுக்கு. அட்டையில் இருப்பது தன் வாக்கு. எதிரணியைவிட நான் பெரியவன் என்பதற்கு அங்கே இடமில்லை. மைதானத்துக்குள் வரும்போது இருவர் இருவராகக் கைகோத்து வருவார்கள். பதினேழு வயதுப் பையன்கள், ஊரே பார்க்க!

நம் வீடுகளில் தேர்வு முடிவு வரும் நாளில் முதலில் என்ன கேட்கிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை மார்க் என்றுதானே! பிள்ளை 480 எடுத்து வந்து நிற்கிறான். நம் கண்ணோ 490 எடுத்தவன் மேல். பரிசேயருடைய செபத்தைப் பிள்ளைக்கு இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறோம், மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிக்கொண்டே.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் சிறையிலிருந்து எழுதுகிறார் பவுல். நல்ல போராட்டம் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்கிறார். எத்தனையாவதாக வந்தேன் என்று சொல்லவில்லை. தமக்குக் கிடைக்கும் வாகை, ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் அனைவருக்கும் உண்டு என்கிறார். எந்தப் பந்தயத்தில் இப்படிக் கொடுப்பார்கள்?

2003-ஆம் ஆண்டின் கடைசி நாளில் லடூசருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். 2004 ஆகஸ்டு 12 அன்று, பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படவிருந்த 18 வயது வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்கச் சடங்கின் கண்ணீர் காயுமுன், செப்டம்பர் 4 அன்று, சியாட்டில் நகரில் பெல்வியூ என்ற பள்ளியிடம் 39-20 என்று தோற்றார்கள். 151 அங்கே நின்றது. சாதனை போயிற்று, அட்டை எழுதும் வழக்கம் போகவில்லை.

2014-இல் இந்தக் கதை திரைப்படமானது. இயேசுவின் பாடுகளைக் காட்டிய புகழ்பெற்ற படத்தில் ஆண்டவராக நடித்த ஜிம் கவீசெல்தான் இதில் லடூசர். அதற்கு முந்தின ஆண்டு ஜனவரியிலேயே லடூசர் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். அப்போது அவர் கணக்கில் 399 வெற்றிகள். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் வென்றிருந்தால் 400. அதற்குக் காத்திராமல் தம் பழைய மாணவர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளராக அதே மைதானத்தில் நின்றார்.