முழுவதும் உம்முடையவன்

பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி அண்மையில் அறைவீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இடம் வேண்டி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். பிழை பார்த்துக் கொடுத்தேன். முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று எழுதி, முதற்சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் மேற்புள்ளி ஒன்றையும் இட்டிருந்தாள். அப்புள்ளியை அடித்தேன். உடனே அவள், "சுவாமி, இதற்குப் பொருள்தான் என்ன? 'உங்களுடைய, உண்மையாக' என்றல்லவா வருகிறது? பாதியில் நின்ற வாக்கியம் போல் இருக்கிறதே!" என்றாள்.

நல்ல கேள்வி. நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் எழுதும் இவ்விரு சொற்களை நின்று நோக்கியவர் எத்தனை பேர்? அவளுக்கு அன்று சொன்னதையும், அவள் போனபின் என் உள்ளத்தில் எழுந்ததையும் நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

'யுவர்ஸ்' என்பது உடைமைப் பெயர். நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையை அது தனித்து நின்றே செய்கிறது. அதற்கு மேற்புள்ளி கிடையாது. 'ஃபெய்த்ஃபுல்லி' என்பது வினையடை. 'நான் உண்மையோடு உம்முடையவனாய் இருக்கிறேன்' என்னும் முழு வாக்கியம் தேய்ந்து தேய்ந்து இவ்விரு சொற்களாய் எஞ்சியது. பெயர் குறிப்பிடாமல் 'ஐயா' என்று தொடங்கும் கடிதத்தை இவ்வாறு முடிப்பதும், பெயர் சொல்லித் தொடங்குவதை 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடிப்பதும் ஆங்கிலேயர் மரபு. அமெரிக்கரோ வினையடையை முன்னே வைத்து, 'சின்சியர்லி யுவர்ஸ்' என்பர். தமிழில் நாம் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுகிறோம். அவர்கள் வினையடையால் சொல்வதை நாம் பெயரடையால் சொல்கிறோம்.

ஆனால் எல்லா வினையடைகளும் உடைமைச் சொல்லோடு இணங்கி நில்லா. 'மிகவும்' என்று பொருள்படும் 'வெரி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மிகவும் நல்லவன், மிகவும் உயரமானவன் என்று சொல்ல அது உதவும். 'வெரி யுவர்ஸ்' என்று சொல்லவோ முடியாது. 'என்டயர்லி யுவர்ஸ்' என்றால் சரி. 'ஹோல்லி யுவர்ஸ்' என்றாலும் சரி. முன்னிடைச்சொற்றொடருக்கும் இதே விதிதான். 'இறைவனின் கரங்களில்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது முன்னால் 'வெரி' வராது; 'என்டயர்லி' வரும். 'வெரி' வந்தே தீர வேண்டுமென்றால் 'மச்' என்னும் துணையைச் சேர்த்துக்கொண்டுதான் வர வேண்டும்.

காரணம் என்ன? 'வெரி' என்பது ஏற்ற இறக்கத்தை அளக்கும் சொல். நன்மையில் ஏற்ற இறக்கம் உண்டு; உயரத்திலும் உண்டு. ஒருவருக்கு உரியவனாய் இருப்பதையோ அந்த அளவுகோல் அளப்பதில்லை. அங்கே கேட்க வேண்டியது 'முழுவதுமா, ஒரு பகுதியா?' என்பது ஒன்றே. ஆகவேதான் 'முழுவதும்', 'ஓரளவு' என்னும் பொருள்தரும் சொற்களே அங்கே இடம் பெறுகின்றன. இலக்கணம் அறியாமலே சொல்லிக் கொடுக்கும் ஞானோபதேசம் இது!

இவ்வாறு சிந்திக்கும்போது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் விருதுவாக்கு நினைவுக்கு வருகிறது. 'தோத்துஸ் தூவுஸ்' என்னும் இரண்டே இலத்தீன் சொற்கள். 'முழுவதும் உம்முடையவன்' என்பது அவற்றின் பொருள். இலத்தீனில் 'தோத்துஸ்' என்பது பெயரடை; ஆகையால் பேசுபவரின் பாலுக்கேற்ப மாறும். ஒரு பெண் சொல்வதானால் 'தோத்தா தூவா' என்பாள். ஆங்கிலமோ அவ்விடத்தில் வினையடையையே வைக்கிறது.

இவ்வாக்கு, புனித லூயி மரிய மோன்போர்ட் (1673–1716) மரியன்னை பக்தி பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது. அவர் இறந்தபின் நூற்றாண்டுக்கும் மேலாக அதன் கையெழுத்துப் படி மறைந்து கிடந்து, 1842-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் சோடா ஆலைத் தொழிலாளியாய் இருந்த இளைஞர் கரோல் வொய்த்திவா அந்நூலை ஆழ்ந்து படித்தார். 1958-இல் ஆயரானபோது அவ்வாக்கைத் தமதாக்கிக் கொண்டார். 1978-இல் திருத்தந்தையானபோதும் அதை மாற்றவில்லை. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தவரை நேரில் கண்டவர்கள் நம் குடும்பங்களிலும் இருப்பார்கள்.

1981 மே 13 அன்று துப்பாக்கிக் குண்டு அவர் உடலைத் துளைத்தது. 2005 பிப்ரவரியில் தொண்டையில் செய்த அறுவை சிகிச்சை அவர் குரலைப் பறித்தது. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று பலகணியில் தோன்றிய அவரால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. கையை உயர்த்தி ஆசீர் அளித்தார். ஏப்ரல் 2 அன்று இறைவனடி சேர்ந்தார். உடல்நலமும் குரலும் இருந்த நாளில் மட்டும் 'உம்முடையவன்' என்று சொல்லியிருந்தால் அது 'ஓரளவு' ஆகியிருக்கும். அவை போனபின்னும் சொன்னதால் அது 'முழுவதும்' ஆயிற்று.

அன்பார்ந்த பெற்றோரே, இதே 'முழுவதும்' என்னும் சொல் நம் இல்லங்களில் எங்கே ஒலிக்கிறது? பெரும்பாலும் சண்டையின்போதுதான்! 'முழுக்க முழுக்க உன் குற்றம்' என்று கணவன் சொல்வான். மனைவியும் அதையே திருப்பிச் சொல்வாள். ஆங்கிலத்தில் இது 'என்டயர்லி யுவர் ஃபால்ட்'. மாணவர்கள் கவனிக்க: இங்கே வினையடை, 'உன்' என்னும் உடைமைச் சொல்லுக்கும் முன்னால் நிற்க வேண்டும், 'யுவர் என்டயர்லி ஃபால்ட்' என்று இடையில் நுழைப்பது பிழை. வாயிற்படியில் நின்று வீடு முழுவதையும் ஆள்பவனைப் போல அது தொடர் முழுவதையும் ஆள்கிறது. திருமண நாளில் பீடத்தின் முன் ஒருவரையொருவர் 'முழுவதும் உன்னுடையவன்', 'முழுவதும் உன்னுடையவள்' என்று ஏற்றுக்கொண்ட அதே இருவர், 'முழுவதும்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லை மாற்றிவிட்டார்கள்!

திருச்சபையோ திருப்பலியின் தொடக்கத்திலேயே இதைத் திருத்துகிறது. பாவ அறிக்கைச் செபத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு சொல்வது 'உன் குற்றம்' அன்று, 'என் குற்றம்'. 1973-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இலத்தீன் மூலத்தில் இருந்த 'மிகவும்' என்னும் வினையடை விடுபட்டிருந்தது. மும்முறை வந்த 'என் குற்றம்' ஒரு முறையாய்ச் சுருங்கியிருந்தது. 2011 திருவருகைக் காலத்தில் வழக்கிற்கு வந்த புதிய மொழிபெயர்ப்பில் இரண்டும் மீண்டும் இடம் பெற்றன. ஒரு வினையடைக்காகவா இத்தனை அக்கறை என்று சிலர் வியந்தனர். தன் குற்றத்தைச் சொல்லும் இடத்தில் நாம் முதலில் விழுங்குவது அச்சொல்லைத்தான் என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்ட ஒவ்வொருவரும் அறிவோம். பிறர் குற்றத்துக்கு 'முழுக்க', நம் குற்றத்துக்கு 'ஏதோ கொஞ்சம்' என்பதே நம் அன்றாட இலக்கணம்.

சண்டையில் எப்போதும் ஒருவர்மீதே முழுக் குற்றமும் இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. அநீதியைப் பொறுத்துக்கொண்டு, செய்யாத குற்றத்தைத் தலைமேல் ஏற்றுக்கொள்ளும்படியும் சொல்லவில்லை. 'ஓரளவு என் குற்றம்' என்று உண்மையாய்ச் சொல்ல முடிந்தால் அதுவே பெரிது. அச்சிறு வினையடை ஒன்று போதும்; மூடிய கதவு திறக்கும். அதை முதலில் சொல்பவர் சிறுத்துப் போவதில்லை.

இரவில் குடும்ப செபமாலை முடிந்ததும் ஒரு நிமிடம் அமைதியாய் இருந்து பாருங்கள். இன்று 'முழுக்க' என்னும் சொல்லை யாருக்கு முன்னால், எதற்கு முன்னால் வைத்தேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அறிய ஒருவரையொருவர் மன்னித்து, அதன்பின் உறங்கச் செல்லுங்கள்.

அந்த மாணவி திருத்திய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்படியானால் சுவாமி, முன்பின் தெரியாத ஒருவருக்கு 'உண்மையோடு உம்முடையவள்' என்று எழுதுகிறேனே, அது பொய்யில்லையா?" என்று சிரித்தாள். "கடிதத்தில் அது வெறும் மரியாதை, மகளே. செபத்தில் சொல்லும்போதுதான் கவனமாய் இருக்க வேண்டும்" என்றேன்.