வலம் என்றால் இடம்: ஒரு சுக்கான் கட்டளையின் கதை

1912 ஏப்ரல் 14, இரவு 11.40. டைட்டானிக்கின் நேர் எதிரே பனிப்பாறை. பொறுப்பிலிருந்த அதிகாரி வில்லியம் மர்டாக் போட்ட கட்டளை: 'ஹார்ட் எ ஸ்டார்போர்டு'. கப்பலில் முன்பக்கம் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம்தான் ஸ்டார்போர்டு, இடப்பக்கம் போர்ட். 'ஹார்ட்' என்றால் சுக்கானை முடிந்த மட்டும் திருப்பு. ஆனால் கப்பலின் முகம் திரும்பியதோ இடப்பக்கம்! சுக்கானி ராபர்ட் ஹிச்சென்ஸ் கட்டளைப்படிதான் செய்தார். 1997-இல் வந்த 'டைட்டானிக்' படத்தில் இதைப் பார்த்த பலர் இயக்குநரின் பிழை என்றே நினைத்தார்கள்.

பழைய கப்பல்களில் சுக்கானோடு இணைந்த நீண்ட கைப்பிடியைப் பிடித்துத்தான் ஓட்டினார்கள். பின்புறம் மோட்டார் பூட்டிய மீன்பிடிப் படகை ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். கட்டளை குறித்தது அந்தக் கைப்பிடியை, கப்பலை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் சக்கரம் வந்தது. அதை எந்தப் பக்கம் சுற்றினாலும் கப்பல் அந்தப் பக்கமே போகும்படி அமைத்தார்கள். கட்டளையை மட்டும் மாற்றவில்லை. கடலோடிகளின் பழக்கம் அவ்வளவு லேசில் மாறாது.

அடுத்து 'போர்ட்' கட்டளையிட்டு, அதாவது பழைய முறைப்படி முகத்தை வலப்பக்கம் திருப்பி, பாறையைச் சுற்றிப் போக எண்ணியதாக மர்டாக் கேப்டனிடம் சொன்னார் என்று கப்பலின் மற்றொரு அதிகாரி பாக்ஸ்ஹால் விசாரணையில் சாட்சி சொன்னார். கப்பல் திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். முதலில் முகத்தை இடப்பக்கம் விலக்கி, உடனே வலப்பக்கம் திருப்பினால், பின்பகுதி பாறையை விட்டு இடப்பக்கம் விலகும். நல்ல யோசனைதான், நேரம்தான் இல்லை.

1929-இல் லண்டனில் கையெழுத்தான கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. 1933 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் கட்டளை சொல்லும் பக்கமே முகம் திரும்ப வேண்டும் என்பது சட்டம். இன்று 'ஸ்டார்போர்டு டென்' என்றால் சுக்கான் 10 பாகை வலப்பக்கம். பெரும்பாலான கப்பல்களில் 'ஹார்ட்' என்பது 35 பாகை. 'மிட்ஷிப்ஸ்' என்றால் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவா. சுக்கானி ஒவ்வொரு கட்டளையையும் உரக்கத் திருப்பிச் சொல்வார். செய்து முடித்ததும் அதையும் சொல்வார்.

பழைய பிரிட்டிஷ் கப்பல் விபத்து எதைப் பற்றிப் படித்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1933-க்கு முந்தையது என்றால், அதிலுள்ள சுக்கான் கட்டளைகளில் மட்டும் வலதையும் இடதையும் மாற்றிப் படியுங்கள்.